ஆங்கிலத்தில் மேற்கோள் குறி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், 'ஹீ செட் தட் ஹீ வாஸ் டயர்ட்' என்று எழுதும்போது 'தட்'டுக்குப் பிறகு மேற்கோள் குறி வருமா?

பதில்: வராது. அவர் சொன்னது "ஐ ஆம் டயர்ட்". அதை அப்படியே எழுதினால்தான் குறி. உங்கள் வாக்கியமாக மாற்றிவிட்டால் தேவையில்லை.

கேள்வி: ஒற்றையா, இரட்டையா?

பதில்: அமெரிக்காவில் இரட்டை. பிரிட்டிஷ் நூல்களில் பெரும்பாலும் ஒற்றை, நாளிதழ்களில் இரட்டையும் உண்டு. பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு வந்தால் அதற்கு மற்றது. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முற்றுப்புள்ளி குறிக்கு உள்ளேயா, வெளியேயா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: இருவருமே சரியாக இருக்கலாம். அமெரிக்க வழக்கில் முற்றுப்புள்ளியும் கமாவும் உள்ளேதான், மேற்கோளில் அவை இல்லாவிட்டாலும். கோலனும் செமிகோலனும் வெளியே. பிரிட்டிஷ் வழக்கில் புள்ளி மேற்கோளைச் சேர்ந்ததா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் வெளியே. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. மென்பொருள் கையேட்டில் டைப் செய்யவேண்டிய கட்டளையைக் குறிக்குள் போட்டு, புள்ளியையும் உள்ளே வைத்தால், படிப்பவர் அதையும் சேர்த்துத் தட்டிவிடுவார்!

கேள்விக்குறிக்கு இந்தச் சண்டையே இல்லை. ஹீ ஆஸ்க்ட், "ஆர் யூ லீவிங்?" என்பதில் கேள்வி அவருடையது, அதனால் உள்ளே. டிட் ஹீ சே, "ஐ ஆம் லீவிங்"? என்பதில் கேட்பது நாம், அதனால் வெளியே.

கேள்வி: எங்கள் கடைப் பலகையில் "ஃப்ரெஷ்" ஃபிஷ் என்று எழுதியிருக்கிறோம். அழுத்தத்துக்காகத்தான். ஒருவர் பார்த்துச் சிரித்தார், ஏன்?

பதில்: அவருக்கு அது 'ஃப்ரெஷ்ஷாம்!' என்று கேட்டிருக்கும். அந்தச் சொல்லை நீங்களே நம்பவில்லை என்ற தொனி வந்துவிடுகிறது. குறியை அழித்துவிட்டு எழுத்தைத் தடிமனாக்குங்கள்.

கேள்வி: ஆய்வுக் கட்டுரையில் ஒரு முழுப் பத்தியை எடுத்துப் போடுகிறேன். தலைப்புகளுக்கும் குறி வேண்டுமா அண்ணா?

பதில்: ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த எழுத்து நடை) முறையில் 40 சொல்லோ அதற்கு மேலோ இருந்தால் குறி இல்லாமல் தனிப் பத்தியாக உள்தள்ளுங்கள். எம்எல்ஏ (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வகுத்த நடை) முறையில் உரைநடை 4 வரியைத் தாண்டினால் அப்படி. எங்கிருந்து எடுத்தது என்பதை இரண்டிலும் சொல்லியாக வேண்டும். தலைப்பு என்றால், கட்டுரைக்குள் குறிப்பிடும் சிறுகதை, சிறு கவிதைக்கு எம்எல்ஏவில் மேற்கோள் குறி; நூலுக்கும் திரைப்படத்துக்கும் சாய்வெழுத்து. அப்புறம், உங்கள் கட்டுரையின் தலைப்புக்கே குறி போட்டுவிடாதீர்கள்.