திரையில் 70 சதவீதம், பில்லில் 20: எங்கே போனது தள்ளுபடி?

போன் திரையில் அழைப்புக் கட்டணத்துக்கு 70 சதவீதத் தள்ளுபடி தெரிந்தும் 20 தான் கழிந்தது, மொபைல் நிறுவனம் ஏமாற்றுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்று என்று உடனே சொல்லிவிட மாட்டேன்.

இடத்துக்கு இடம் தள்ளுபடி மாறும் இவ்வகைத் திட்டங்களில் அது ஊர் முழுவதற்கும் ஒன்றல்ல, கோபுரத்தின் ஒவ்வொரு செல்லுக்கும் (கோபுரத்தின் சமிக்ஞை எட்டும் பரப்பின் ஒரு பகுதி) தனி. 2ஜி செல்லில் ஓர் அலைவரிசையை மாறி மாறிப் பகிர்ந்துகொள்ள 8 நேரத்துண்டுகள்தான். போனுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான கட்டுப்பாட்டுத் தகவலுக்கு ஒன்று போனால், ஆளுக்கு ஒரு துண்டு வீதம் முழுவேகக் குரலில் ஏழு பேர் பேசலாம். அவை காலியாகக் கிடந்தால் வருமானம் இல்லை, நிரம்பினால் எட்டாவது ஆளுக்கு இணைப்பு இல்லை. அதனால்தான் கூட்டம் குறைந்த செல்லில் விலையை இறக்குகிறார்கள். இந்தியாவில் 2010இல் யூனினார் என்ற மொபைல் நிறுவனம் செய்ததும் இதுதான்.

சிக்கல் இங்கே: திரையில் தெரிவது உங்கள் போன் சும்மா இருந்தபோது பிடித்திருந்த செல்லின் அறிவிப்பு. அழைக்கும்போது போன் வேறு செல்லுக்குத் தாவியிருக்கலாம். 4ஜியில் இருந்துகொண்டு அழைப்புக்கு மட்டும் 2ஜிக்கு இறங்கும் போன்களில் இது சகஜம். பழைய அறிவிப்பு திரையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. கட்டணமோ அழைப்பு தொடங்கிய செல்லை வைத்தே போடப்படுகிறது. (எதிர்முனையில் இருப்பவரின் செல்லுக்கு இதில் வேலையில்லை.)

போனை 2ஜியில் மட்டும் வைத்து, அறிவிப்பு புதுப்பித்த கையோடு அழைத்துப் பாருங்கள். அப்போதும் 20 என்றால், ஸ்கிரீன்ஷாட், அழைத்த நேரம், செல் எண் (உங்கள் போன் எண் அல்ல, கோபுரச் செல்லின் அடையாள எண்) மூன்றோடும் புகார் கொடுங்கள். செல் எண் இல்லாத புகாரைப் பொதுவான பதில் ஒன்றை அனுப்பி மூடிவிடுவார்கள்.