ஜரிகை குழையாமல் வீடியோவைச் சுருக்குவது எப்படி?

கேள்வி: ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கிறோம். எங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு புடவைக்கும் ஒரு வீடியோ போட ஆசை. ஐபோனில் 4கே, 60 ஃபிரேமில் எடுக்கிறோம். ஒன்றரை நிமிடத்துக்கு 600 எம்பி வருகிறது. தளத்தில் ஏற்றினால் சிலருக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிலருக்குச் சத்தம் மட்டும் கேட்கிறது, படம் கறுப்பு. அதே வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, திரும்ப இறக்கி ஏற்றினால் உடனே ஓடுகிறது. ஆனால் ஜரிகை எல்லாம் மஞ்சள் பூசியது போல் குழைந்துவிடுகிறது. கலரும் மாறித் தெரிவதாகச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் ஒரே சிக்கலாக எழுதியிருப்பது உண்மையில் நான்கு. கறுப்புத் திரை, சுற்றும் வட்டம், குழைந்த ஜரிகை, மாறிய கலர். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. வாட்ஸ்அப் வைத்தியம் முதல் இரண்டைச் சரிசெய்து மூன்றாவதைக் கெடுத்துவிட்டது. அதனால் தனித்தனியாகவே பார்த்துவிடலாம்.

கறுப்புத் திரைக்குக் காரணம் ஃபைலின் அளவு இல்லை. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் வீடியோவை எச்இவிசி என்ற முறையில்தான் வழக்கமாகப் பதிவு செய்கின்றன. எச்.265 என்று சொல்வதும் இதையே. இடத்தை மிச்சம் பிடிப்பதில் கெட்டி. ஆனால் பார்ப்பவரின் கம்ப்யூட்டரில் அதைப் பிரித்துக் காட்டும் வசதி இருக்க வேண்டும். குரோம் பிரவுசரே 2022-ல்தான் இதை ஏற்கத் தொடங்கியது, அதுவும் கம்ப்யூட்டரின் சிப் ஒத்துழைத்தால்தான். ஒலி மட்டும் எல்லா இடத்திலும் ஓடும் ஏஏசி முறையில் இருப்பதால் அது கேட்டுவிடுகிறது.

சிலர் ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் ‘மூவ்’ என்பதை அழித்து ‘எம்பி4’ என்று மாற்றி ஏற்றுகிறார்கள். பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் விஎல்சி பிளேயரில் வீடியோவை ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்பதைப் பாருங்கள். எச்இவிசி என்று இருந்தால் அதை எச்.264-க்கு மாற்றியாக வேண்டும். 2003-ல் வந்த முறை அது. பழசுதான், ஆனால் இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கும் எந்த போனும் எந்த பிரவுசரும் அதை ஓட்டும். கடைக்காரருக்கு வேண்டியது அதுதானே.

அடுத்தது வட்டம். 600 எம்பியை 90 நொடியால் வகுத்து, ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 8-ஆல் பெருக்குங்கள். நொடிக்கு 53 மெகாபிட் வரும். தடங்கலின்றி ஓட, பார்ப்பவரின் இணைப்பு அந்த வேகத்தை விடாமல் தர வேண்டும். பேருந்தில் உட்கார்ந்து போனில் புடவை பார்ப்பவருக்கு இது நடக்காத காரியம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எம்பி4 ஃபைலுக்குள் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு. எல்லாவற்றையும் பதிவு செய்து முடித்த பிறகுதான் அந்த அட்டவணையை எழுத முடியும் என்பதால், கேமராக்கள் அதைப் பெரும்பாலும் ஃபைலின் கடைசியில் வைத்துவிடும். பொருளடக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட புத்தகம் போல. பிரவுசர் முதலில் தொடக்கத்தைப் படிக்கும், அட்டவணை இல்லை என்று தெரிந்ததும் கடைசிக்குப் போய்த் தேடும், பிறகு திரும்பி வரும். சர்வர் அதற்கு வசதி செய்து தரவில்லை என்றால் முழு ஃபைலும் இறங்கும்வரை ஒன்றும் ஓடாது. இதற்கான தீர்வு ஒரே ஒரு டிக். அடுத்து வருகிறது.

ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு வீடியோவைக் கேபிளில் மாற்றுங்கள். வாட்ஸ்அப்தான் கைவசம் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், அப்படி அனுப்பினால் அது வீடியோவைத் தொடாது. சாதாரணமாக அனுப்பியதை எடுத்து மறுபடி சுருக்கினால், ஏற்கெனவே இழந்ததன் மேல் இன்னும் இழப்பீர்கள்.

ஹேண்ட்பிரேக்கில் வீடியோவைத் திறந்து ‘ஃபாஸ்ட் 1080பி 30’ என்ற பிரீசெட்டை, அதாவது தயாராக இருக்கும் அமைப்புத் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். எச்.264, 30 ஃபிரேம், ஏஏசி ஒலி எல்லாம் அதிலேயே வந்துவிடும். புடவையை விரித்துக் காட்ட 60 ஃபிரேம் தேவையே இல்லை. பிறகு ‘சம்மரி’ பகுதியில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அட்டவணையை ஃபைலின் முன்னால் கொண்டுவரும் வேலை இதுதான்.

நீங்கள் போனை நெட்டுவாக்கில் பிடித்து எடுப்பவர் என்றால் ஓரிடத்தில் கவனம் வேண்டும். இந்த பிரீசெட் உயரத்தை 1080-க்குள் அடக்கப் பார்த்து, அகலத்தை 608 ஆகக் குறுக்கிவிடுவது உண்டு. ‘ஏன் மங்கலாக இருக்கிறது’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பலருக்கு விஷயம் இதுதான். ‘டைமென்ஷன்ஸ்’ பகுதியில் கடைசி அளவு 1080 × 1920 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே அளவு வரம்பை மாற்றிக் கையால் அதைக் கொடுத்துவிடுங்கள்.

இனி ஜரிகை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் சரக்குதான் இந்தத் தொழில்நுட்பத்துக்குச் சிம்ம சொப்பனம்.

வீடியோ சுருக்கம் எப்படி வேலை செய்கிறது என்றால், அவ்வப்போது ஒரு ஃபிரேமை முழுதாகச் சேமிக்கும். அதற்கு அடுத்தடுத்த ஃபிரேம்களில் எது மாறியதோ அதை மட்டும் எழுதும். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசும் வீடியோவில் சுவர், மேஜை, சட்டை எதுவும் மாறாது, வாயும் கையும்தான் அசையும். அதனால் சின்ன ஃபைலிலேயே நன்றாக இருக்கும். உங்கள் வீடியோவில்? மின்விசிறி ஓடுகிறது, முந்தானை அலைகிறது, ஒவ்வொரு ஜரிகை இழையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு இடத்தில் மின்னுகிறது. முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். வாட்ஸ்அப் போல ‘எதுவாக இருந்தாலும் இவ்வளவுக்குள் அடங்கு’ என்று கட்டுப்படுத்தினால், சுருக்கும் நிரல் முதலில் கைவிடுவது நுண்ணிய இழைகளைத்தான். புட்டா ஒரு மஞ்சள் திட்டாகிவிடுவது இப்படித்தான்.

ஆகவே ‘இத்தனை எம்பி வர வேண்டும்’ என்று தொடங்காதீர்கள். தரத்தைக் கொடுத்துவிட்டு, அளவு வருகிறபடி வரட்டும் என்று விடுங்கள். ஹேண்ட்பிரேக்கின் ‘வீடியோ’ பகுதியில் ‘கான்ஸ்டன்ட் குவாலிட்டி’ என்ற நழுவுபட்டை இருக்கிறது. எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். ஏறக்குறைய 6 எண் கூட்டினால் ஃபைல் பாதியாகும். பொதுவான வீடியோவுக்கு 22, 23 போதும். ஜரிகைக்கு 20-லிருந்து தொடங்கலாம். புடவையிலேயே சிக்கலான இடம், கோர்வையும் முந்தியும் சேரும் இடம் என்று வைத்துக்கொள்வோம், அந்தப் பத்து நொடியை மட்டும் ‘ரேஞ்ச்’ கொடுத்து வெட்டி 20, 23, 26 என்று மூன்று விதமாகச் செய்து பாருங்கள். கம்ப்யூட்டரில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். வாடிக்கையாளர் கையில் இருப்பது போன், அதில் பாருங்கள். 20-க்கும் 23-க்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் 23 போதும்.

அதே பகுதியில் ‘என்கோடர் பிரீசெட்’ என்றும் ஒன்று இருக்கும். அதை ‘ஸ்லோ’ பக்கம் நகர்த்தினால் உங்கள் கம்ப்யூட்டர் அதிக நேரம் உழைத்து, ஏறக்குறைய அதே தரத்தை இன்னும் கச்சிதமான ஃபைலில் தரும். ஓடும்போது வேகம் குறையாது, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டை வைத்துச் சீக்கிரம் முடிக்கும் வழிகளும் பட்டியலில் இருக்கும். அவசரத்துக்கு நல்லது, ஆனால் அதே தரத்துக்குப் பொதுவாகப் பெரிய ஃபைல் வரும். ஒருமுறை செய்து பல மாதம் தளத்தில் இருக்கப்போகும் வீடியோவுக்கு ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போவதே மேல்.

ஆனால் என்னைக் கேட்டால், எந்த அமைப்பையும்விட அதிகம் மிச்சம் பிடிப்பது படம் எடுக்கும் விதம்தான். மின்விசிறியை நிறுத்துங்கள். போனை ஸ்டாண்டில் வையுங்கள். பின்னால் தோட்டமும் இலைகளும் வேண்டாம், வெற்றுச் சுவர் போதும். வெளிச்சம் நிறைய வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் கேமரா தரும் புள்ளிப்புள்ளியான இரைச்சல் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறிக்கொண்டே இருக்கும், அதையும் ஜரிகை என்று நினைத்துக்கொண்டு நிரல் பிட்களைச் செலவழிக்கும். அப்புறம், ஒன்றரை நிமிடம் எதற்கு? உடல், கரை, முந்தி மூன்றையும் 20 நொடியில் காட்டிவிடலாம். நொடிக்கு 5 மெகாபிட் என்று தாராளமாக வைத்தாலும் 20 நொடிக்கு 12.5 எம்பிதான். அதே தரத்தில் ஒன்றரை நிமிடம் என்றால் 56 எம்பி. பின்னணி இசை தேவையில்லை என்றால் ஆடியோவையே நீக்கிவிடலாம், ஆனால் அதனால் பெரிய லாபம் இல்லை. 128 கிலோபிட் ஒலி நிமிடத்துக்கு ஒரு எம்பிகூட வராது.

கலர் மாறும் விவகாரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் பதிவு செய்யும் முறை. 2020-ல் வந்த ஐபோன் 12 முதல் வீடியோவை எச்டிஆரில்தான் தானாகவே பதிவு செய்கிறது. ஐபோன் திரையில் அரக்கு பளிச்சென்று இருக்கும். சாதாரணத் திரையில், சரியாக மாற்றப்படாவிட்டால், சாயம் போன மாதிரி வெளிறும். புடவை வீட்டுக்கு வந்ததும் ‘வீடியோவில் வேறு கலர்’ என்று திருப்பி அனுப்பப் போவது அந்தத் திரையில் பார்த்து வாங்கியவர்கள்தான். கேமரா அமைப்பில் ‘ரெக்கார்ட் வீடியோ’ என்பதற்குள் போய் ‘எச்டிஆர் வீடியோ’ என்பதை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றை எடிட்டிங் செயலியில் சாதாரணத் திரைக்கான எஸ்டிஆர் ஆக ஏற்றுமதி செய்து, பிறகு ஹேண்ட்பிரேக்குக்குக் கொண்டுவாருங்கள். எச்டிஆர் ஃபைலை நேராகச் சுருக்கி ஏற்ற வேண்டாம்.

கலரில் உங்கள் கையில் இல்லாத விஷயம் ஒன்றும் உண்டு. இணைய வீடியோக்களில் வெளிச்சத்தை முழு நுணுக்கத்துடனும், நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதிப் பாதி நுணுக்கத்துடனும்தான் சேமிக்கிறார்கள். கண் அதை எளிதில் கண்டுபிடிக்காது. ஆனால் பச்சையில் மெல்லிய சிவப்புக் கட்டம், மயில்கழுத்து நிறம் போன்றவற்றில் ஓரங்கள் கசிந்த மாதிரி தெரியும். ‘கான்ஸ்டன்ட் குவாலிட்டி’ எண்ணைக் குறைத்தாலும் இது போகாது. அந்தப் புடவைகளுக்குக் கிட்டத்தில் வைத்து எடுத்த நாலு நொடியைச் சேர்த்துவிடுங்கள், புகைப்படங்களும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஏவி1 என்ற புதிய முறையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018-ல் வந்தது, உரிமத் தொகை கிடையாது, எச்.264-ஐ விட நன்றாகவே சுருக்கும். ஆனால் ஐபோன்களில் 2023-ல் வந்த 15 புரோவிலிருந்துதான் அதற்கான சிப் இருக்கிறது. எச்.264 ஃபைலும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு இரட்டை வேலை. இப்போதைக்கு வேண்டாம். பத்து நிமிட நெசவு வீடியோ போன்றவற்றை யூடியூபில் ஏற்றி அங்கிருந்து இணைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவரின் வேகத்துக்கு ஏற்றபடி தரத்தை மாற்றிக்கொடுக்கும் ஏற்பாடு அங்கே தயாராக இருக்கிறது. புடவைப் பக்கத்தின் 20 நொடி வீடியோவுக்கு உங்கள் சொந்த ஃபைல்தான் சரி, முடிந்ததும் வேறு கடையின் வீடியோவைக் காட்டாது.

தளத்தைச் செய்து தருபவரிடம் சில விஷயங்களைச் சொல்லுங்கள். வீடியோ ஓடத் தொடங்கும்முன் தெரிய ஒரு போஸ்டர் படம் வேண்டும். வீடியோவை முன்கூட்டியே இறக்கும் ‘பிரீலோட்’ என்பதை ‘நன்’ என்றோ ‘மெட்டாடேட்டா’ என்றோ வைக்க வேண்டும். முப்பது புடவை இருக்கும் பட்டியல் பக்கத்தில் முப்பது வீடியோவும் தானாக இறங்கத் தொடங்கினால், நீங்கள் சுருக்கியது எல்லாம் வீண். தானாக ஓட வேண்டும் என்றால் ‘மியூட்டட்’ கட்டாயம், சத்தத்தோடு ஓடத் தொடங்குவதை பிரவுசர்கள் பொதுவாகத் தடுத்துவிடும். ஐபோனில் முழுத்திரைக்குத் தாவாமல் இருக்க ‘பிளேஸ்இன்லைன்’ வேண்டும்.

ஏற்றியபின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், பிரவுசரின் பிரைவேட் (இன்காக்னிட்டோ) விண்டோவில் பக்கத்தைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். ஓடத் தொடங்கியதும் நடுவில் இழுத்து விடுங்கள். அங்கிருந்தே ஓடினால் சரி. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாலோ, ஐபோனில் மட்டும் ஓடவே மாட்டேன் என்றாலோ, ஃபைலில் கோளாறு தேடாதீர்கள். ‘பைட் ரேஞ்ச் கோரிக்கைக்கு சர்வர் 206 என்று பதில் தருகிறதா’ என்று, அதாவது ஃபைலின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் அதை மட்டும் தருகிறதா என்று, ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். ஐபோனின் பிரவுசரான சஃபாரிக்கு அது இல்லாமல் முடியாது.