இரண்டு ரூபாய் பாக்கி

கேள்வி: நினைவுகள் முற்றிலும் அழிந்துபோன ஒருவரை 'அதே மனிதர்' என்று சொல்ல முடியுமா? தத்துவமும் உளவியலும் இதற்கு என்ன சொல்கின்றன?

முடியும் என்பதுதான் என் பதில். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன்.

என் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். பெரும்பாலும் திண்டுக்கல் – பழனி தடம். 2009இல் ஓய்வு பெற்றார். அல்சைமர் என்ற மறதிநோய் என்று மருத்துவர் சொல்லி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் என் பெயர் போனது, பிறகு நான் மகன் என்பதே போனது. பெயரை மறந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க என்னை 'வாடா, போடா' என்றே அழைத்தவர், ஒரு நாள் காலை காபி கொண்டுபோனபோது, "வைத்துவிட்டுப் போங்கள் தம்பி" என்றார். ஒரு மரியாதை விகுதி மனிதரை அவ்வளவு தூரம் தள்ளி நிறுத்தும் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த வாரமே இந்தக் கேள்வியைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

எல்லோரும் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கிலிருந்து தொடங்குகிறார்கள். மனித அறிவைப் பற்றிய தன் பெரிய நூலின் இரண்டாம் பதிப்பில், 1694இல், அவர் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தார். ஓர் இளவரசனின் நினைவுகள் அத்தனையும் செருப்புத் தைக்கும் ஒருவருடைய உடம்புக்குள் புகுந்துவிட்டால், எழுந்து உட்காருவது யார்? ஊரார் கண்ணுக்குச் செருப்புத் தைப்பவர்தான். ஆனால் ஆள் இளவரசன் என்றார் லாக். நம் உணர்வு பின்னோக்கி எவ்வளவு தூரம் எட்டுகிறதோ, அவ்வளவு தூரம்தான் 'நான்'. எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள் அத்தனை பேரும் லாக்கின் சீடர்கள். செருப்பைக் கழற்றும் முன்பே, "நான் யார் சொல்லுங்கள் பார்க்கலாம்?" என்று தேர்வு நடத்துகிறார்கள். தோற்றுவிட்டால், "பாவம், மனுஷர் போய்விட்டார்" என்று அவர் காதுபடவே சொல்கிறார்கள்.

ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கும் இடத்தில் நிலைமை நேர் எதிர். அங்கே அப்பாவின் நினைவைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கட்டைவிரலைக் கருவியில் வைத்தால் போதும், இவர்தான் அவர் என்று முடிந்துவிடும். நாம் அடிப்படையில் ஓர் உயிருள்ள உடல், அந்த உயிர் தொடரும்வரை அதே ஆள் என்று வாதிடும் தத்துவக்காரர்களும் இருக்கிறார்கள். கருவி அவர்கள் கட்சி. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, மாதாமாதம் பணம் வருகிறது. ஆனால் கைரேகையைப் பார்த்தா ஒருவரை அப்பா என்கிறோம்?

லாக்கை மடக்கியவர் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி தாமஸ் ரீட். 1785இல் அவர் சொன்ன கதை இது. ஒரு சிறுவன் பழத்தோட்டத்தில் திருடி அடி வாங்குகிறான். வளர்ந்து படையில் சேர்ந்து எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான். முதுமையில் தளபதி ஆகிறான். கொடியைக் கைப்பற்றியபோது, அடி வாங்கியது அவனுக்கு நினைவிருந்தது. தளபதியானபோது கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக்கின் கணக்குப்படி தளபதிதான் அந்த வீரன், வீரன்தான் அந்தச் சிறுவன், ஆனால் தளபதி அந்தச் சிறுவன் அல்ல. இது எப்படிச் சரியாகும்? மூன்று வயதில் நடந்தது எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. அதற்காக அந்தக் குழந்தை நான் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. குழந்தைக்குக் கொடுக்கும் இந்தச் சலுகையை முதியவருக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

உளவியல் பக்கம் வந்தால், 'நினைவு' என்ற சொல்லே ஏமாற்றுகிறது; அது ஒரே பொருள் அல்ல. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல், 27 வயதில், வலிப்பை நிறுத்துவதற்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு பக்கமும், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு முறையும், இதற்கு முன் இதைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. 2008இல் இறக்கும்வரை ஆய்வாளர்களுக்கு அவர் ஒத்துழைத்தார். தன்னைப் பற்றி அறிந்துகொள்வது பிறருக்கு உதவும் என்று சொல்வாராம். நேற்றை இழந்தவருக்கும் குணம் இருந்தது.

இதைப் படித்த பிறகுதான் அப்பாவின் கையைக் கவனித்தேன். பழைய நாளிதழைக் கிழித்து, நீளவாக்கில் மடித்து, இடது கை விரல்களுக்கு இடையில் செருகிக்கொள்வார், நடத்துநர்கள் நோட்டுகளை வைத்துக்கொள்வதுபோல. "ரெட்டியார்சத்திரம் போனால் ஒட்டன்சத்திரம், அடுத்து?" என்று கேட்டால், "சத்திரப்பட்டி" என்பார், கண்ணைத் திறக்காமலே.

இருந்தாலும் என் மனத்தை மாற்றியது கைப்பழக்கம் இல்லை. சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு, இறங்கும் முன் ஆளைத் தேடிக் கொடுத்துவிடுவது அப்பாவின் வழக்கம். இப்போது சில இரவுகளில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். "அந்தம்மாவுக்கு இரண்டு ரூபாய் தர வேண்டும், இறங்கிவிடப் போகிறார்கள்" என்று தவிக்கிறார். எந்த அம்மா, எந்த ஆண்டு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து அதைத்தான் அப்பா என்று அறிந்திருக்கிறேன்.

நினா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொடுகிறது. மூளை, நரம்பு நோயாளிகளின் குடும்பத்தாரிடம், 'இவர் இன்னும் அதே ஆள் என்று தோன்றுகிறதா?' என்று கேட்டார்கள். ஆளே மாறிவிட்டார் என்ற எண்ணத்தை அதிகம் உண்டாக்கியது நினைவிழப்பு அல்ல; நேர்மை, இரக்கம் போன்ற குணங்களில் வந்த மாற்றம். அல்சைமரைவிட, மூளையின் முன்பகுதியைத் தாக்கிக் குணத்தைக் கெடுக்கும் வகை மறதிநோயில்தான் குடும்பங்கள் ஆளைத் தொலைத்ததாக உணர்ந்தன. எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர், தேதி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் துல்லியமாகச் சொல்வார். ஆனால் மனைவி வழுக்கி விழுந்தபோது, திரும்பிக்கூடப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் தாயாரிடம், "உங்கள் வீட்டுக்காரர் உங்களை மறந்துவிட்டார், ஆனாலும் இருக்கிறார், இவருக்கு நான் நினைவிருக்கிறேன், இவர்தான் இல்லை" என்றார். எந்த ஆய்வுக் கட்டுரையும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

சரி, நாளை அந்த இரண்டு ரூபாயும் மறந்துபோனால்? மறந்துகொண்டுதான் இருக்கிறது. போன மாதம் பேத்தியின் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டார். குணமும் அழியக்கூடியதுதான்.

இங்கே தத்துவவாதி டேவிட் ஹியூமும் பௌத்தர்களும், அப்படி நிலையான 'நான்' எப்போது இருந்தது என்று கேட்கிறார்கள். உள்ளே தேடினால் சூடு, குளிர், வலி, ஆசை என்று ஏதாவது ஓர் உணர்வுதான் அகப்படுகிறது, தேடுகிறவன் அகப்படவில்லை என்று 1739இல் எழுதினார் ஹியூம். அடுத்த ஆண்டே பிற்சேர்க்கையில், இந்த விளக்கம் தனக்கே திருப்தி தரவில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவரைப் பிடிக்கும். 'மிலிந்த பன்ஹா' என்ற பௌத்த நூலில் நாகசேனர் என்ற துறவி மிலிந்த மன்னனிடம் விளக்கைக் காட்டிக் கேட்கிறார்: முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைச்சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா? ஒன்றல்ல, வேறும் அல்ல; இரவெல்லாம் எரிந்தது ஒரே விளக்கு. டெரிக் பார்ஃபிட் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1984இல் இன்னும் ஒரு படி போய், ஒரே ஆளா இல்லையா என்பது முக்கியமே இல்லை, உளத்தொடர்ச்சி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே பொருட்டு என்றார். தன் சாவை நினைத்து ஆறுதல் அடைய அது அவருக்குப் பயன்பட்டது. அடுத்தவருக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறவனுக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை.

எனக்குப் பயன்பட்டது நம் பேச்சில் இருக்கும் ஒரு சிறு வேறுபாடு. 'அவர் மாதிரியே இருக்கிறாரா?' என்பது ஒரு கேள்வி. 'அவரேதானா?' என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குப் பதில் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டாவதற்கான பதில் அவருடைய மண்டைக்குள் மட்டும் இல்லை. ஹில்டே லிண்டமன் என்ற தத்துவவாதி, ஒருவரின் அடையாளத்தை அவரைச் சுற்றி இருப்பவர்களும் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்கிறார். அப்பாவின் கதையை அவரால் சொல்ல முடியாவிட்டால், அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தத் தடத்தில் போய்வந்த சிலருக்கும் தெரியும்.

உறவினர்களிடம் இப்போது வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேர்வு வேண்டாம், எந்த ஊருக்கு டிக்கெட் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். போன வாரம் வந்த சித்தப்பா பழனி என்றார். அப்பா ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உள்ளே நகர்ந்து நிற்கச் சொன்னார். இரவு நேரத்துப் பாக்கியை நான் வாங்கிக்கொள்கிறேன். "அந்தம்மா என் ஊர்தான், கொடுத்துவிடுகிறேன்" என்றால், என் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.