திருச்சி வெயிலில் டியூலிப் பூக்குமா?

கேள்வி: "நீல டியூலிப், எந்த ஊரிலும் பூக்கும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் பத்துக் கிழங்கு வாங்கினேன். சில அழுகிவிட்டன, மற்றவை வெறும் இலையோடு நிற்கின்றன. பணம் திரும்பக் கிடைக்குமா? மாடித் தோட்டத்துக்கு வேறு என்ன கிழங்குப் பூ வாங்கலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: அசல் நீலத்தில் டியூலிப்பே கிடையாது. அந்தப் பெயரில் வருபவை ஊதா ரகங்கள்தான். போதாததற்கு, டியூலிப் ஒழுங்காகப் பூக்க 12 முதல் 16 வாரம் நல்ல குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் அது பூப்பது பனிக்காலத்தின் தயவில். திருச்சியில் எங்கே போவது?

"எந்த ஊரிலும் பூக்கும்" என்ற அந்த வரிதான் உங்கள் பிடி. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், செடியின் படம் மூன்றையும் வைத்து முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். மசியவில்லை என்றால் 1915-க்கு அழையுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

சரி, அடுத்து என்ன வாங்குவது? என் ஓட்டு செங்காந்தளுக்கு. நம் மாநில மலர், வெயில் பழகிய கொடி. மூலனூர், வேதாரண்யம் பக்கம் விதைக்காக வயலிலேயே பயிரிடுகிறார்கள். கண்வலிக்கிழங்கு என்று கேட்டாலும் தருவார்கள். கலப்பை போல வளைந்த அந்தக் கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். நுனி ஒடிந்திருந்தால் எவ்வளவு பெரிய கிழங்கானாலும் முளைக்காது, தள்ளுபடியில் தந்தாலும் வேண்டாம். ஆடி வாக்கில் நட்டு, ஏறுவதற்குக் கம்பி கட்டிவிடுங்கள். பூத்து ஓய்ந்ததும் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், கிழங்கு உள்ளே தூங்குகிறது. ஒன்று மட்டும் கவனம்: கிழங்கு, விதை எல்லாமே கடும் விஷம். வீட்டில் சின்னக் குழந்தையோ நாய்க்குட்டியோ இருந்தால் இந்த யோசனையை மறந்துவிடுங்கள்.

அப்புறம் அமரில்லிஸ். அழுத்திப் பார்த்தால் கல்லு மாதிரி இருக்கும் பெரிய கிழங்காக எடுங்கள். சின்னதாக வாங்கினால் ஓரிரு வருடம் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடும்போது கழுத்துப் பகுதி மண்ணுக்கு வெளியே இருக்கட்டும். ரெயின் லில்லிக்குக் காசு கொடுக்கவே வேண்டாம், தெருவில் யார் வீட்டிலாவது நெருக்கமாகப் படர்ந்திருக்கும், ஒரு கொத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.