இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளிகளை நம்பலாமா? அவற்றை எப்படித் தேடிச் சரிபார்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயங்கள். 1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து படையெடுத்து இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னனோடு கடல் கடந்து வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களின் பட்டியல்கள் உண்மைதானா? சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் கல்லறைக் கல்வெட்டுகளில் பார்த்த ஆங்கிலேயர்களின் குடும்பங்களை இங்கிலாந்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் வார்விக்‌ஷயரில் இருக்கிறேன். பிழைப்பு கணினி வேலை. ஓய்வு நேரத்தில் இங்குள்ள ஆவணக் காப்பகத்துக்காகப் பழைய உயில்களைப் படித்து எழுதிக் கொடுக்கும் தன்னார்வலர்களில் ஒருவன். ஆகவே என் உதாரணங்கள் பலவும் இந்தப் பக்கத்து ஆட்களாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். 1500-க்குப் பிந்தைய பட்டியல்கள் பெரும்பாலும் சரி. அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டுகளில், நிலம் வைத்திருந்த குடும்பமாக இருந்தால் ஆதாரம் கிடைக்கும். அதற்கும் முன்னால் தந்தை மகன் என்று இடைவெளி இல்லாமல் போவது விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களுக்கே முடியும். ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் வில்லியமோடு நின்றவர்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பெயர்களே ஏறக்குறைய 15 முதல் 20 வரைதான். "எங்கள் முன்னோர் வில்லியமோடு வந்தவர்" என்று சொல்லும் குடும்பங்களோ நூற்றுக்கணக்கில்!

இதில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் வழி ஒன்றே ஒன்று: பெருமைக்காக எழுதிய தாளை ஓரமாக வைத்துவிட்டு, வரிக்காகவும் வழக்குக்காகவும் எழுதிய தாளைத் தேடுவது. நம் ஊரில் மனை வாங்குமுன் மூலப் பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றமாகப் பார்த்துக்கொண்டு வருவோமே, ஏறக்குறைய அதே வேலைதான். மனிதர்களைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு உண்மையில் நிலத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

அப்படி எழுதப்பட்ட தாள்களில் தங்கச் சுரங்கம் என்றால் 'இன்குவிசிஷன் போஸ்ட் மார்ட்டம்' என்ற ஆவணங்கள்தான். மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்த ஒருவர் இறந்தால், அரசு அதிகாரி அந்த ஊர்க்காரர்களைக் கூட்டிச் சத்தியம் வாங்கி விசாரிப்பார். என்றைக்கு இறந்தார், என்னென்ன நிலம் வைத்திருந்தார், வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது? இவ்வளவும் பதிவாகும். 1230களில் தொடங்கி 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்தது. மன்னருக்கு ஏன் இந்த அக்கறை என்றால், பணம். வாரிசு சிறுவனாக இருந்தால் அவன் பெரியவனாகும்வரை நிலத்தின் வருமானம் மன்னருக்கு. அவனுக்குக் கல்யாணம் செய்து வைக்கும் உரிமையும் மன்னருக்கு. அந்த உரிமையைக் காசுக்கு விற்கவும் செய்தார்கள்.

வாரிசு 21 வயதைத் தொட்டதும் "எனக்கு வயது வந்துவிட்டது, நிலத்தைக் கொடுங்கள்" என்று நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம். ஊர்ப் பெரியவர்கள் வந்து சாட்சி சொல்வார்கள்: இவன் பிறந்த அன்றுதான் என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது, அந்த வாரம்தான் நான் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன், இப்படி. படிக்கப் படிக்க அலுக்காது. ஆனால் வேறு வேறு மாவட்டங்களில் ஒரே மாதிரி கால் ஒடிந்திருப்பதைப் பார்த்து, எழுத்தர்கள் வைத்திருந்த வாய்ப்பாட்டுச் சாட்சியம் இது என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். கால் ஒடிந்தது பொய்யாக இருக்கலாம். வாரிசின் பெயரில் விளையாடுவது அவ்வளவு எளிதில்லை, ஏனென்றால் எதிர்த்து வழக்குப் போட யாராவது ஒரு சித்தப்பா காத்துக்கொண்டிருப்பார்.

சரி, பெருமைத் தாள்கள் எங்கிருந்து வந்தன? 1530 முதல் 1688 வரை 'ஹெரால்டு' என்ற அரச அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுப்பயணம் போனார்கள். 1484-ல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் சாசனத்தோடு தொடங்கிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இவர்கள். அது இன்றும் லண்டனில் இயங்குகிறது. ஜென்டில்மேன், அதாவது உயர்குடி ஆள், என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லாரும் இவர்கள் முன் வந்து குலச்சின்னத்தையும் வம்சாவளியையும் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்களின் பெயர்கள் 'இவர் ஜென்டில்மேன் இல்லை' என்று ஊரறிய அறிவிக்கப்பட்டன. அந்தக் கால அந்தஸ்து உலகில் இதைவிட அவமானம் வேறில்லை. இந்தப் பதிவுகளில் பாட்டனார், முப்பாட்டனார் வரை உள்ள பகுதி நல்ல ஆதாரம். சொன்னவருக்கு நேரில் தெரிந்த ஆட்கள். அதற்கு மேலே போகப் போக ஆசை கலந்துவிடும்.

ஷேக்ஸ்பியர் குடும்பமே இதற்குச் சாட்சி. ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை செய்து விற்ற அவருடைய அப்பா ஜானுக்கு 1596-ல் குலச்சின்னம் கிடைத்தது. 1599-ல் அம்மா மேரி ஆர்டனின் குடும்பச் சின்னத்தையும் சேர்த்துக்கொள்ள விண்ணப்பித்தார்கள். ஆர்டன் என்றால் சாதாரணப் பெயரில்லை. 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கில் வார்விக்‌ஷயரில் ஏராளமான நிலத்தோடு நிற்கும் தர்கில் என்ற ஆங்கிலேயரின் வழி அது. நார்மன் படையெடுப்புக்கு முன்பே இங்கே இருந்ததை ஆதாரத்தோடு காட்டக்கூடிய மிக அரிய குடும்பங்களில் ஒன்று. கிளஸ்டர்‌ஷயரின் பெர்க்லி குடும்பம் இன்னொன்று. ஹெரால்டின் வரைவுத் தாளில், பார்க் ஹாலில் இருந்த பெரிய ஆர்டன் குடும்பத்தின் சின்னத்தை முதலில் வரைந்துவிட்டு, பிறகு அதை அடித்து வேறோர் ஆர்டன் கிளையின் சின்னத்தைப் போட்டிருக்கிறார்கள். மேரியின் வீட்டுக்கும் அந்தப் பெரிய வீட்டுக்கும் உள்ள உறவு இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. போதாக்குறைக்கு 1602-ல் ரால்ஃப் புரூக் என்ற ஹெரால்டு, தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் சின்னம் கொடுத்துவிட்டார்கள் என்று தன் சகாக்கள் மேலேயே புகார் எழுப்பினார். அந்தப் புகாரில் 'நாடகக்காரன் ஷேக்ஸ்பியர்' என்ற பெயரும் இருந்தது.

ஸ்பென்சர் குடும்பத்தின் கதை இன்னும் சுவையானது. இளவரசி டயானாவும் வின்ஸ்டன் சர்ச்சிலும் இந்த வழியில் வந்தவர்கள். 1500களின் தொடக்கத்தில் ஜான் ஸ்பென்சர் ஆடு வளர்த்துச் சம்பாதித்த பணத்தில் வார்விக்‌ஷயரின் வோர்ம்லெய்ட்டனையும், 1508-ல் நார்தாம்ப்டன்‌ஷயரின் ஆல்தார்ப்பையும் வாங்கினார். கம்பளிப் பணம் பெரிய பணம். 1603-ல் குடும்பத்துக்குப் பாரன் என்ற பிரபுப் பட்டமும் வந்துவிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1590களில், ரிச்சர்ட் லீ என்ற ஹெரால்டு இவர்களை இடைக்காலத்தின் மாபெரும் டெஸ்பென்சர் பிரபுக்களோடு ஒட்டவைத்து ஒரு வம்சாவளி தயாரித்துக் கொடுத்திருந்தார். அதை யார் நம்பினார்களோ தெரியாது, பழைய பிரபுக்கள் நம்பவில்லை. 1621-ல் பிரபுக்கள் சபையில் ஸ்பென்சர் பழைய வரலாறு பேசியபோது, "அந்தக் காலத்தில் உம் முன்னோர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள்" என்று ஏர்ல் ஆஃப் அருண்டெல் (ஏர்ல் என்பது பாரனுக்கு மேலான பட்டம்) குத்தினார். "என்னுடையவர்கள் ஆடு மேய்த்தபோது உம்முடையவர்கள் ராஜத்துரோகம் செய்துகொண்டிருந்தார்கள்" என்று ஸ்பென்சர் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க மறுத்த அருண்டெல், லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். ஆடு மேய்த்த உண்மையை மறைக்க ஒரு பொய் வம்சாவளி எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும். அந்தப் பொய்யை 1901-ல் ஹொரேஸ் ரவுண்ட் என்ற ஆய்வாளர் போட்டு உடைத்தார்.

ரவுண்ட் யாரையும் விட்டுவைக்காத மனிதர். எங்கள் மாவட்டத்து ஃபீல்டிங் குடும்பம், அதாவது டென்பி ஏர்ல்கள், ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் உறவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிப்பன் போன்ற பெரிய வரலாற்றாசிரியரே அதை நம்பி எழுதியிருக்கிறார். மூல ஆவணங்கள் எல்லாம் போலி என்று ரவுண்ட் காட்டியதும் அந்தக் கதை முடிந்தது.

அப்புறம், தேடும்போது எந்த நூலைக் கையில் எடுப்பது என்ற கேள்வி வரும். பிரபுக் குடும்பங்களின் வம்சாவளிகளைத் தொகுத்துத் தரும் பர்க்ஸ் பியரேஜ் 1826-லிருந்து வருகிறது, பார்க்க வசதியானது. ஆனால் அதன் பழைய பதிப்புகளில் குடும்பங்கள் அனுப்பிய கதைகள் அப்படியே அச்சாகியிருக்கின்றன. சமீபத்திய தலைமுறைகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் பெற்ற குடும்பம் என்றால் கொக்கெய்ன் என்ற ஆய்வாளர் தொடங்கிய கம்ப்ளீட் பியரேஜ் என்ற நூல், அதிலும் 1910-ல் வரத் தொடங்கிய இரண்டாம் பதிப்பு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற தரம். பட்டமில்லாத நிலக்கிழார்கள், அதாவது ஜென்ட்ரி, என்றால் ஊர்வழியாகப் போவதுதான் எனக்குப் பிடித்த முறை. விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரி என்ற தொடரில் ஒவ்வொரு ஊரின் நிலமும் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்று ஆதாரத்தோடு இருக்கும். பல தொகுதிகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். தேவாலயப் பதிவேடுகள் 1538-ல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவால் தொடங்கின. வசதியுள்ளவர்களின் உயில்கள், 1384 முதல் 1858 வரை, கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றப் பதிவுகளாக லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

தேதியில் ஒரு கண்ணி உண்டு. 1752 வரை இங்கே புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. ஆகவே 1648 ஜனவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1649. இதைக் கவனிக்காமல் போனால், கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்தது போலக் கணக்கு வந்து நிற்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் பட்டம் ஒருவருக்கு மட்டும். ட்யூக் என்ற மிக உயர்ந்த பட்டம் பெற்றவரின் இரண்டாவது மகன் சட்டப்படி சாமானியன்தான். அவன் பிள்ளை வக்கீல், பேரன் வியாபாரி, அதற்கடுத்தவன் கூலிக்காரன் என்று இறங்கிக்கொண்டே போகலாம். மூன்றாம் எட்வர்ட் மன்னரின் ரத்தம் இப்படித்தான் நாடு முழுவதும் பரவியது. லண்டன் கிழக்குப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்த நடிகர் டேனி டயர் அந்த மன்னரின் வழிவந்தவர் என்று 2016-ல் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில் காட்டினார்கள். மரபியல் தெரிந்தவர்கள் யாரும் அதிசயப்படவில்லை. ஆங்கிலேயப் பூர்விகம் உள்ள ஏறக்குறைய எல்லாரும் அவர் வழி வந்தவர்களே என்பது அவர்கள் கணக்கு. ஆதாரத்தாள் கையில் இருப்பதுதான் அரிது.

அந்தத் தாள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கோர்ட்னி குடும்பம் உதாரணம். ஏர்ல் ஆஃப் டெவன் எட்வர்ட் கோர்ட்னி 1556-ல் இத்தாலியின் பதுவாவில் கல்யாணம் ஆகாமல் இறந்தார். பட்டம் அவரோடு போய்விட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் 1553-ல் மேரி அரசி கொடுத்த பட்டயத்தில் 'ஆண் வாரிசுகள்' என்று மட்டும் இருந்தது. 'அவர் உடலில் பிறந்த' என்ற வழக்கமான சொற்கள் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு, 1377-ல் இறந்த ஒரு பொது முன்னோர் வழியாக உறவு காட்டி, தூரத்துப் பங்காளி ஒருவர் 1831-ல் பட்டத்தைக் கைப்பற்றினார். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இறந்துகிடந்த பட்டம்! அவருடைய குடும்பம் இன்றும் எக்சிட்டர் அருகே பவுடர்ஹாம் கோட்டையில் இருக்கிறது.

இவ்வளவு தாளும் சரியாக இருந்தாலும் டி.என்.ஏ. வந்து கலைத்துவிடலாம். 2012-ல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் கீழ் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் கிடைத்தன. அவருடைய சகோதரியின் பெண்வழியில் வந்த, கனடாவில் பிறந்து லண்டனில் மரவேலை செய்துவந்த ஒருவரின் டி.என்.ஏ. பொருந்தியது. மன்னரின் சவப்பெட்டியைச் செய்ததும் அவரே. ஆனால் ரிச்சர்டைப் போலவே மூன்றாம் எட்வர்டின் ஆண்வழியில் வந்ததாகச் சொல்லப்படும் பியூஃபர்ட் ட்யூக் குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரின், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோம் ஒன்றுகூட மன்னரோடு ஒத்துப்போகவில்லை. இரு தரப்பையும் இணைக்கும் 19 தந்தை மகன் உறவுகளில் எங்கோ ஒன்றாவது பொய். எது என்று எந்த ஆவணமும் சொல்லாது. அந்த ஐவரிலேயே ஒருவர் மற்ற நால்வரோடு பொருந்தவில்லை என்பது உபரித் தகவல்.

இனி உங்கள் கோட்டைக் கல்வெட்டுகள். மெட்ராஸ் பணம் இங்கிலாந்தில் பல குடும்பங்களை மேலே தூக்கிவிட்டது. 1698 முதல் 1709 வரை அங்கே கவர்னராக இருந்த தாமஸ் பிட், டார்செட்டில் ஒரு பாதிரியாரின் மகன். மெட்ராஸில் வாங்கிய வைரத்தைப் பிரான்சுக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். ஒரு மகன் ஏர்ல் ஆனார், மகள் ஸ்டான்ஹோப் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார், பேரன் ஏர்ல் ஆஃப் சாத்தம் என்ற பட்டத்தோடு பிரதமரானார். மெட்ராஸின் இன்னொரு கவர்னரான எலிஹு யேலின் மகள் டெவன்‌ஷயர் ட்யூக்கின் மகனைக் கல்யாணம் செய்தார்.

கல்லில் செதுக்கிய குலச்சின்னத்தை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லண்டன் ஹெரால்டுகளின் கண்காணிப்பு மெட்ராஸ் வரை நீளவில்லை. விருப்பப்பட்டதைச் செதுக்கிக்கொள்ள முடிந்தது. பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மெட்ராஸ் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் 1698-லிருந்து இருக்கின்றன. உங்கள் ஆள் 1749-க்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் ரைட்டராக, அதாவது எழுத்தராக, சேர்ந்தவர் என்றால் வேலை இன்னும் சுலபம். அவருடைய விண்ணப்பத்தோடு ஞானஸ்நானச் சான்றும் இணைத்திருப்பார்கள். அதில் பெற்றோர் பெயரும் ஊரும் இருக்கும். ஊர் கிடைத்துவிட்டால் அந்த ஊருக்கான கவுண்டி ஹிஸ்டரியைத் திறந்து, அந்தக் குடும்பப் பெயரில் அங்கே நிலம் இருந்ததா என்று முதலில் பாருங்கள். நிலம் இருந்தால் உயில் இருக்கும். உயிலிலிருந்து மேலே ஏறலாம். நிலமே இல்லை என்றால் தேவாலயப் பதிவேடுகளில் இரண்டு மூன்று தலைமுறை கிடைப்பதே பெரிய விஷயம். பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள், ஊர் வார்விக்‌ஷயர் பக்கம் என்றால் நானே பார்த்துச் சொல்கிறேன்.