பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவே: பெரிய வீட்டில் யார் இருந்தார்கள்? – கேள்வி பதில்

கொங்கு நாட்டுக் குடும்பங்களில் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு இடையே எத்தனை மாதம் விழுந்தது, கூட இருந்த சொந்தங்களுக்கு அதில் என்ன பங்கு என்று பலர் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு ஒருவர் தந்த பதில்களும் இவை. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: அப்பாரு, அப்பத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர்கள். அப்புச்சி, அமுச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர்கள்.

கோபியிலிருந்து: எங்க அப்பத்தாளுக்கு ஒம்பது பிள்ளைங்க. எல்லாத்துக்கும் ரெண்டரை, மூணு வருசம் இடைவெளி. அப்ப மாத்திரை ஏது, ஊசி ஏது? பெரியவங்க சொல்லித் தள்ளிப் போட்டாங்களா?

பெரும்பாலும் யாரும் தள்ளிப் போடலைங்க, தாய்ப்பால் தள்ளிப் போட்டது. குழந்தை அடிக்கடி மார்பைச் சப்பும்போது பால் ஊறவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கும். கருமுட்டையை முதிரவைக்க மூளையிலிருந்து வரும் சமிக்ஞை அப்போது அடங்கிப்போகும். சப்புவது குறையக் குறைய அந்தச் சமிக்ஞை திரும்பிவிடும்.

கணக்காகப் பார்க்கலாம். பால் கொடுக்காத தாய்க்கு ஒன்றரை, இரண்டு மாதத்தில் உடம்பு மறுபடி கருத்தரிக்கத் தயார். அதன்பின் கரு தங்கச் சராசரியாக ஏழெட்டு மாதம், இடையில் கலைந்துபோகும் கருக்களுக்காக இரண்டு மாதம், வயிற்றில் ஒன்பது மாதம். கூட்டினால் 20 மாதத்தைச் சுற்றி வரும். அதே தாய் ஒன்றரை வருடம் மாதவிலக்கு வராமல் பால் கொடுத்தால் முதல் இரண்டு மாதம் 18 ஆகிவிடும். மொத்தம் 36 மாதம். உங்கள் அப்பத்தாவின் மூன்று வருடம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

காங்கேயத்திலிருந்து: அப்படின்னா மாமியார் வீட்டுல இருந்தா இடைவெளி கூடுமா, குறையுமா?

இரண்டுக்கும் வழி உண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல் 'கூட்டுக் குடும்பம் நல்லது', 'கூட்டுக் குடும்பம் கெட்டது' என்று பேசுவதில் பயனில்லை. மாமியார் வீட்டில் இருந்தாரா என்பதைவிட, கைக்குழந்தைக்குப் பசித்தபோது அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம்.

பருத்தி எடுப்புக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மருமகள் விடியக்காலையில் காட்டுக்குப் போக வேண்டும், கைக்குழந்தைக்கு ஆறு மாதம். ஒரு வீட்டில் மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்போரம் போய், பத்து மணிக்கு ஒரு தடவை, உச்சி வெயிலுக்கு ஒரு தடவை தாயிடம் பால் குடிக்கவைத்துத் தூக்கி வருகிறார். இல்லையென்றால் வேப்பமரத்தில் தூளி கட்டி, குழந்தை அழுதால் மருமகளைக் கூப்பிடுகிறார். சப்பும் எண்ணிக்கை குறையவில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. அடுத்த வீட்டில் மாமியார் குழந்தையைத் திண்ணையிலேயே வைத்துக்கொள்கிறார். காய்ச்சிய பசும்பாலில் தண்ணீர் கலந்து பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) புகட்டுகிறார், கொஞ்ச நாளில் ராகிக் கூழைக் கரைத்து ஊட்டுகிறார். மருமகள் பொழுது சாயும்வரை காட்டில்தான். பால் கட்டி நெஞ்சு வலித்தால் பீய்ச்சி விடுவாள். மூன்று நான்கு வாரத்தில் சுரப்பு குறைகிறது, சில மாதத்தில் மாதவிலக்கு வந்துவிடுகிறது. இரண்டு மாமியார்களும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் இரண்டாவது வீட்டில் அடுத்த பிள்ளை ஒரு வருடம் முந்தி வந்திருக்கும்.

ராத்திரிக்கும் இதே கணக்குத்தான். புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம் ஏறும். குழந்தை தாயின் பக்கத்தில் படுத்துத் தூக்கத்திலேயே சப்பினால் இடைவெளி நீளும். 'பாவம், அசந்து தூங்கட்டும்' என்று அப்பத்தா தன் கயிற்றுக் கட்டிலுக்குத் தூக்கிப் போனால் குறையும்.

இன்னொரு வழியும் உண்டு, அது சோகமானது. கைக்குழந்தை தவறிப்போனால் பால் கொடுப்பது அன்றோடு நின்றுவிடும், அடுத்த கரு சீக்கிரம் தங்கும். ஆகவே குழந்தையைக் காப்பாற்றிய பாட்டி இடைவெளியையும் காப்பாற்றினார். கழுவாத பாலாடையில் கறந்து வெகுநேரமான பாலைக் கொடுத்த வீட்டில் முதலில் வருவது கழிச்சல். இடைவெளி குறைவது அதற்கு அப்புறம்.

ராசிபுரத்திலிருந்து: கேக்கச் சங்கடமா இருக்குது. ஆனா அத்தனை பேரு இருக்கற வீட்டுல புருசன் பொண்டாட்டி எங்க தனியா இருந்தாங்க?

இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. 1950-களில் கிங்ஸ்லி டேவிஸ் போன்ற மக்கள்தொகை அறிஞர்கள் கூட்டுக் குடும்பம் பிள்ளைகளைப் பெருக்கும் என்று வாதிட்டார்கள். வளர்க்கும் பாரத்தைப் பலர் பங்குபோட்டுக்கொள்வதால் தம்பதிக்குத் தயக்கம் இராது என்பது அவர்கள் நினைப்பு. 1960-களில் மானிடவியலாளர் மோனி நாக் வங்காளக் கிராமங்களில் கணக்கெடுத்தபோது கூட்டுக் குடும்பப் பெண்களுக்குப் பிள்ளைகள் குறைவாகவே இருந்தன. தனிமை கிடைக்காததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

நம் வீட்டமைப்பைப் பாருங்கள். தொட்டிக்கட்டு வீட்டில் பெண்களும் குழந்தைகளும் உள்ளே, ஆண்கள் ஆசாரத்திலோ (முன்கூடத்திலோ) வெளித் திண்ணையிலோ. தோட்டத்தில் தனியாகச் சாளை (குடிசை) போட்டுக் குடியிருந்தவர்களுக்கு ஒரே அறை, அதிலேயே மாமியாரும். கிணற்றுப் பாசன ஊரில் கவலை ஓட்ட, அதாவது மாடு பூட்டி நீர் இறைக்க, விடிவதற்கு முன்பே எழ வேண்டும் என்பதால் இளவட்டங்கள் மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கமே படுத்துக்கொள்வார்கள். அறுவடை நாட்களில் களத்துக் காவல். மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) பூச்சாட்டித் தொடங்கினால், முடிவில் கம்பம் பிடுங்கும்வரை விரதம், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்கு அது வேறு விரதம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் விரதம் சொல்லாமலே கடைப்பிடிக்கப்படும்.

ஆனால் இதன் பலத்தை மிகைப்படுத்தக் கூடாது. வருடத்துக்கு இருபது முப்பது நாள் விலகியிருப்பது இடைவெளியைப் பெரிதாக நீட்டாது. குழந்தை பிறந்து பல மாதம் தொடர்ந்து விலகியிருந்தாலும், தாய் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த மாதங்களில் பெரும்பாலும் கரு தங்கியிராது. இரண்டு தடையும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதால் கூட்டிக் கணக்கிடக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான்.

தாராபுரத்திலிருந்து: முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பறதும், ஆடிக்குக் கூட்டிட்டுப் போறதும் இதுக்குத்தானா?

ஆடி வழக்கம் புது மணப்பெண்ணுக்கு மட்டும். ஆடியில் கரு தங்கினால் சுமார் 266 நாள் கழித்து, அதாவது சித்திரை வெயிலில், பிரசவம். அது முதல் பிள்ளையின் தேதியைக் கொஞ்சம் நகர்த்தும், அவ்வளவே. அடுத்தடுத்த பிள்ளைகளின் இடைவெளியை அது தொடவில்லை.

தாய் வீட்டுப் பிரசவம் அப்படி இல்லை. வளைகாப்பு முடிந்து போனவள் குழந்தையோடு மூன்று, ஐந்து மாதம் கழித்துத் திரும்புவாள். அந்த மாதங்களில் காட்டு வேலை இல்லை, குழந்தை எப்போதும் மடியில், பக்கத்தில் அமுச்சி. பால் நன்றாக ஊறி நிலைப்பது அப்போதுதான். அங்கே ஊன்றிய பால், திரும்பி வந்த பின்னும் தாங்கும். இரண்டாம் பிரசவம் முதல் புருசன் வீட்டிலேயே நடந்த குடும்பங்களில் முதல் இடைவெளி நீளமாகவும் அடுத்தது குறைவாகவும் இருந்தால் இதையும் ஒரு காரணமாகப் பாருங்கள்.

அமுச்சியும் அப்பத்தாவும் ஒன்றல்ல என்பதை வெளிநாட்டுத் தேவாலயப் பதிவேடுகளும் காட்டுகின்றன. வடமேற்கு ஜெர்மனியின் குரும்ஹோர்ன் பகுதியில் 18, 19-ம் நூற்றாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, தாயைப் பெற்றவள் உயிரோடு இருந்த குழந்தைகள் அதிகம் பிழைத்தன. தந்தையைப் பெற்றவள் இருந்த இடத்தில் பிறந்த உடனே இறந்த குழந்தைகள் அதிகம். பின்லாந்து, கனடா பதிவுகளைக் கொண்டு 2004-ல் வந்த ஆய்வில் பாட்டி உயிரோடு இருந்த குடும்பங்களில் பெண்கள் சீக்கிரமே பெற்றார்கள், இடைவெளியும் குறைவு, ஆனாலும் பிள்ளைகள் அதிகம் பிழைத்தன. உதவி கிடைத்த தாய் சீக்கிரம் பெற்றாலும் குழந்தை தாக்குப்பிடித்தது. இடைவெளி குறைந்தாலே கேடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

அவிநாசியிலிருந்து: பத்தியச் சாப்பாட்டுல இடைவெளி வருமா?

வராது. பூண்டு, மிளகு ரசம், காய மருந்து எதற்கும் அந்தச் சக்தி இல்லை. சாப்பாடு ஓரளவு குறைந்தாலும் கருத்தரிப்பு பெரிதாகக் குறையாது, பஞ்சம் என்ற அளவுக்குப் போக வேண்டும். 1876–78-ன் தாது வருசப் பஞ்சத்தில் சேலமும் கோயமுத்தூரும் கடுமையாக அடிபட்டன. அந்த வருடங்களில் பிள்ளை இல்லாத குடும்பங்களுக்குக் காரணம் பசியாக இருக்கலாம்.

கரூரிலிருந்து: எங்க வீட்டுல மாமியாரும் மருமகளும் ஒரே வருசத்துல பெத்துக்கிட்டாங்களாம். அதுக்கப்புறம் மாமியாருக்குப் பிள்ளையே இல்ல. ஏனுங்க?

வெட்கத்தில் நிறுத்திக்கொண்டிருப்பார். தென்னிந்தியக் கிராமங்களில் இது பரவலான வழக்கம் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவள் புருசனோடு படுப்பது அசிங்கம் என்ற நினைப்பு. பதினாறில் கட்டிக்கொடுத்தால் முப்பத்தைந்திலேயே பாட்டி ஆகிவிடலாம், உடம்பில் இன்னும் ஏழெட்டு வருடம் கருத்தரிக்கும் தெம்பு இருக்கும். அதை நிறுத்தியது வீட்டுக்கு வந்த மருமகள். பெரியவர்கள் சின்னவர்களின் பிறப்பை மாற்றியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், இந்தப் பக்கத்தை யாரும் பேசுவதில்லை.

ஓரகத்திகள் இருவர் ஒரே சமயத்தில் பெற்றிருந்தால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஒருத்தி குழந்தைக்கு மற்றவள் பால் கொடுத்தாளா? கொடுத்தவளுக்கு இடைவெளி நீளும், கொடுக்கவிட்டவளுக்குக் குறையும்.

கோவையிலிருந்து: மில்லு வேலைக்கு வந்து லைன் வீட்டுல தனியா குடியிருந்தவங்களுக்கு?

கோவையில் முதல் பஞ்சாலை 1888-ல் வந்தது. 1930-களில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கிடைத்த பின் ஆலைகள் பெருகின. லைன் வீட்டுக்கு (வரிசையாகக் கட்டிய சிறு வீட்டுக்கு) வந்த தம்பதிக்கு மாமியார் கண் இல்லை, விரதக் கண்டிப்பும் தளர்ந்தது. தாயும் ஆலைக்குப் போனால் குழந்தையைப் பார்க்க ஏழெட்டு வயது மூத்த மகள்தான். அவளால் குழந்தையை ஆலைக்குள் தூக்கிப் போக முடியாது, புட்டிப்பாலோ கஞ்சியோதான். தாய் வீட்டிலேயே இருந்தால் நிலைமை நேர்மாறு: குழந்தையைப் பிரிக்க ஆளே இல்லாததால் பால் தொடர்ந்து கிடைக்கும்.

நாமக்கல்லிலிருந்து: எங்க அப்பாரு நோட்டுல பிள்ளைங்க பொறந்தது தமிழ் வருசத்துல இருக்குது. இடைவெளி எப்படிக் கண்டுபிடிக்கறது?

நல்ல கேள்வி, இதைத்தான் நிறையப் பேர் தப்பாகப் போடுகிறார்கள். தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் மார்கழிப் பிற்பாதி முதல் பங்குனி வரை அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். யுவ வருடம் 1935 என்றாலும் யுவ மாசி 1936 பிப்ரவரி. இதை மறந்தால் இடைவெளியில் ஒரு வருடம் பிசகும். அறுபது வருடச் சுழற்சி என்பதால் தலைமுறையையும் சரிபாருங்கள்: தாது 1876-ம் ஆகும், 1936-ம் ஆகும்.

ஒரு மாதிரி: ஸ்ரீமுக ஆவணி (1933 ஆகஸ்ட்), யுவ மாசி (1936 பிப்ரவரி), ஈசுவர ஆனி (1937 ஜூன்), பிரமாதி கார்த்திகை (1939 நவம்பர்). இடைவெளிகள் 30, 16, 29 மாதம். நடுவிலிருக்கும் 16-ல் வயிற்றில் இருந்த 9 மாதத்தைக் கழித்தால் 7. அதாவது இரண்டாவது குழந்தைக்கு ஏழு மாதம் இருக்கும்போதே கரு தங்கிவிட்டது. முதலில் அந்தக் குழந்தை பிழைத்ததா என்று பாருங்கள். பிழைத்திருந்தால் அந்த வருடம் வீட்டில் யார் புதிதாக வந்தார்கள், விதவையான அத்தை யாராவது வந்து குழந்தையை எடுத்துக்கொண்டாரா, தாய் நோயில் கிடந்தாளா என்று விசாரியுங்கள்.

50, 60 மாதம் வெற்றாக இருந்தால் இடையில் ஒரு பிள்ளை எழுதப்படாமல் போயிருக்கலாம். பெயர்களும் காட்டிக்கொடுக்கும். மூத்தவனுக்கு வைத்த அப்பாரு பெயர் மூன்றாமவனுக்கும் இருந்தால் மூத்தவன் இறந்திருப்பான். பிச்சை, குப்பன், குப்பாயி என்ற பெயர் வந்தால் அதற்கு முந்திய பிள்ளைகள் தவறிப்போயினவா என்று கட்டாயம் கேளுங்கள்.

திருப்பூரிலிருந்து: எனக்கு எட்டு மாசக் கைக்குழந்தை. பால் குடுத்தாப் போதும், ஒண்ணும் ஆகாதுன்னு அத்தை சொல்றாங்க. நம்பலாமா?

நம்ப வேண்டாம் அம்முணி. உங்கள் அத்தை பொய் சொல்லவில்லை, அவர்கள் காலத்துக் கணக்கு அது. பால் பாதுகாப்பு கொடுக்க மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. பகலில் 4 மணி நேரத்துக்கு மேலும் ராத்திரி 6 மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விடக் கூடாது. மூன்றும் இருந்தால் 98 சதவீதத்துக்கு மேல் பலன். உங்களுக்கு எட்டு மாதம், முதல் நிபந்தனையே போய்விட்டது. மாதவிலக்கு வரும்வரை காத்திருப்பதும் ஆபத்து, முதல் கருமுட்டை அதற்கு முன்பே வெளிவரலாம்.

அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி 380ஏ (10 வருடம்), மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை (முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று) இருக்கின்றன. மூன்றுமே பால் கொடுப்பவர்களுக்கு ஆகும். எது உங்களுக்குப் பொருந்தும் என்று அங்கே கேட்டு முடிவு செய்யுங்கள், இந்த வாரமே போங்கள்.

பெருந்துறையிலிருந்து: எங்க அமுச்சிக்கு எண்பத்தஞ்சு வயசு. இதையெல்லாம் எழுதி வைக்கணும். எப்படிக் கேக்கறது?

'எத்தனை மாசம் பால் குடுத்தீங்க?' என்று கேட்டால் 'ரெண்டு வருசம்' என்று பொதுவாகத்தான் பதில் வரும். ஒவ்வொரு பிள்ளையாகப் பிடியுங்கள்: இவன் பால் மறந்தபோது நடந்தானா, பேசினானா, நெஞ்சில் வேப்பங்கொழுந்து அரைத்துப் பூசினீர்களா, அதைப் பூசச் சொன்னது யார், மறந்த பின் யார் பக்கத்தில் படுத்தான்? மாதத்தை மறந்தவர்களுக்கும் யார் சொன்னது என்பது மறக்காது. தவறிப்போன பிள்ளைகளைக் கடைசியில் கேளுங்கள், ஒரம்பரை (விருந்தாளிச் சொந்தம்) யாரும் பக்கத்தில் இல்லாதபோது. வீட்டு ஆண்கள் இருந்தால் அந்தக் கணக்கில் ஒன்றிரண்டு குறைந்துதான் வரும்.