மனச்சிதைவு நோயுள்ள அண்ணனைக் காப்பகத்திலிருந்து க்ரூப் ஹோமுக்கு மாற்றலாமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தாராளமாக மாற்றலாம். க்ரூப் ஹோம் என்பது சிலர் சேர்ந்து, தேவையான உதவியோடு வாழும் சாதாரண வீடு. யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பது அடியோடு நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. குரல் கேட்டுக்கொண்டே சமைக்கிறவர்களும் கடைக்குப் போய் வருகிறவர்களும் நிறையப் பேர் உண்டு. குடும்பம் ஏற்கவில்லை, போக்கிடம் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு. க்ரூப் ஹோம்களும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முன் சில காலம் தங்கும் ஹாஃப்வே ஹோம்களும் அமைய அரசு வழிசெய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. ஆனால் தேவைக்கு ஏற்ற அளவில் அவை இல்லை. அது வேதனையான விஷயம்.

நல்ல முன்மாதிரி வேண்டுமென்றால், சென்னையின் 'தி பான்யன்' அமைப்பு 2015இல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' பற்றி விசாரியுங்கள். பல ஆண்டுகள் நிலையங்களில் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருவில், வாடகை வீட்டில் வசிக்கிறார்கள். தேவைக்கேற்ப உதவியாளர் இருப்பார்.

எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். வாசல் சாவி குடியிருப்பவர் கையில் இல்லை, ஃபிரிட்ஜைத் திறக்க அனுமதி கேட்க வேண்டும், எல்லோருக்கும் ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கிறார்கள் என்றால் அது இன்னொரு காப்பகம்தான். உதவியாளர் ஓடி ஓடி எல்லாம் செய்கிற வீட்டையும் நான் நல்ல வீடு என்று சொல்ல மாட்டேன். அரிசி களைவது, துணி உலர்த்துவது, பால் வாங்கிச் சில்லறை எண்ணிப் பார்ப்பது எல்லாம் மெதுவாக நடந்தாலும் அவரே செய்ய வேண்டும். ஆறு மாதம் கையில் வேலை இல்லாவிட்டால் தெரிந்ததும் மறந்துபோகும்.

அதிகம் சறுக்குவது மருந்தில்தான். காப்பகத்தில் நர்ஸ் கையில் கொடுத்த மாத்திரையை இங்கே அவரே எடுத்துப் போட வேண்டும். ஏழு நாள் டப்பாவில் வாரம் ஒருமுறை அவரும் உதவியாளரும் சேர்ந்து நிரப்புவது நல்லது. கைவசம் பத்து நாள் மருந்து இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபின் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கக் கூடாது. டாக்டரைக் கேட்டு, குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. புதிய வீட்டில் புகைக்கத் தடை என்று பீடியைச் சட்டென நிறுத்தினால், அதே மாத்திரையிலேயே ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். தூங்கி வழிவார், வலிப்புகூட வரலாம். ஆகவே மாறுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்த வேண்டாம். இந்த மருந்தில் அது குடலடைப்பு வரை போகும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர் வீட்டில் இருந்தால், வெயில் காலத்தில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அவருக்கு ஆகாது.

நோய் திரும்புவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு அறிகுறி தெரியும். ஒருவர் இரண்டு இரவு தூங்க மாட்டார். இன்னொருவர் பிறர் சமைத்ததைத் தொட மாட்டார். அண்ணன் நன்றாக இருக்கும்போதே அவரிடம் கேட்டு, அவர் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்போது யாரைக் கூப்பிட வேண்டும், எந்த ஆஸ்பத்திரி என்பதும் அதில் இருக்கட்டும்.

யாரோடு தங்குவது என்பதை அவரே தேர்ந்தெடுக்க விடுங்கள். காலியான கட்டிலில் யாரையாவது போட்டு நிரப்புகிற வீட்டில் டிவி சத்தத்துக்கும் பாத்ரூமுக்கும்தான் தினமும் சண்டை வரும். வீட்டு ஓனரிடம் விஷயத்தை மறைக்காமல், க்ரூப் ஹோமை நடத்தும் நிறுவனத்தின் பெயரிலேயே ஒப்பந்தம் போடுவது நல்லது. பிறகு தெரியவந்து காலி செய்யச் சொன்னால் எல்லோரும் ஒரே நாளில் தெருவுக்கு வர நேரும். பேங்க் கணக்கு அவர் பெயரில், பாஸ்புக் அவர் கையில் இருக்க வேண்டும்.

நீண்ட நாள் உள்ளே இருந்தவர் முதலில் "வேண்டாம்" என்றுதான் சொல்வார். ஒரு மதியம் அங்கே சாப்பிட்டு வரட்டும், அப்புறம் ஒரு ராத்திரி தங்கட்டும், அப்புறம் ஒரு வாரம். காப்பகத்தில் அவருடைய இடத்தை ஒரு மாதமாவது விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள்.